சொத்து அறைச் சாவி

கரிசல் மண்ணில் ரத்தம் விழுந்தால் அரை நாளில் கண்ணுக்குத் தெரியாது. மண்ணே கறுப்பு. சித்திரை வைகாசியில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். விழுந்தது வெடிப்புக்குள் இறங்கிவிடும். செம்மண் பக்கமிருந்து மாறுதலில் வருகிற அதிகாரிகள் முதல் கொலை வழக்கில் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். ஈ மொய்க்கிற இடம் பார்த்து, வெடிப்பின் உட்புறத்தைச் சுரண்டி, ஒரு டப்பாவில் ரத்தக்கறை மண், நாலடி தள்ளி இன்னொரு டப்பாவில் கறை படாத மாதிரி மண் என்று எடுக்க வேண்டும். இரண்டிலும் சாட்சிகள் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒட்டி, அத்தாட்சி எழுதி, ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தால் அது ரைட்டர் கைக்கு வரும். அந்த ரைட்டர் வேலையைத்தான் கோவில்பட்டியைச் சுற்றிய மானாவாரிப் பூமியின் ஸ்டேஷன்களில் என் சர்வீஸின் பெரும்பகுதி பார்த்தேன். எந்தெந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதப்போவதில்லை. சொல்லப்போகிற சங்கதிகளுக்கு எந்த ஸ்டேஷனும் விலக்கில்லை.

சொத்து அறை என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் லாக்கப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறை. ஒரு ஜன்னல் இருக்கும். சில இடங்களில் அதுவும் கிடையாது. பழைய கட்டடமென்றால், மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்குகிற கரிசல் மண் அஸ்திவாரத்தை அசைத்துச் சுவரைப் பிளந்துவிடும். பிளவு வழியாகக் கறையான் ஏறும். உள்ளே வெட்டரிவாள், வீச்சரிவாள், கம்பு, கடப்பாரை, உடைந்த பீர் பாட்டில், ரத்தம் தோய்ந்த சட்டை வேட்டி, பூச்சிமருந்து டப்பா, சீட்டுக்கட்டு, லாட்டரிச் சீட்டு, சாராயக் கேன், கஞ்சாப் பொட்டலம். வெளியே சீமைக்கருவேல நிழலில் மணல் லாரியும் டிராக்டரும் டயர் இறங்கிப்போய் நிற்கும். தீப்பெட்டியும் பட்டாசும் தொழிலாக இருக்கிற வட்டாரம் என்பதால் அனுமதியில்லாத வெடிமருந்தும் பிடிபடும். அதை மட்டும் அறைக்குள் ஏற்றவே கூடாது. குளோரேட்டும் கந்தகமும் கலந்தது உரசினாலே பற்றிக்கொள்ளும். ஊருக்கு வெளியே தள்ளிவைத்து, மாதிரி எடுத்துக்கொண்டு, மீதியைக் கோர்ட் அனுமதியோடு அழிக்க வேண்டும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த ஏட்டையா ஒருவர் இருந்தார். ரத்தம் தோய்ந்த துணியை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தால் வாங்கவே மாட்டார். ஈரத்தோடு பையில் கட்டினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதன்பிறகு தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினால், சிதைந்துவிட்டது, ரத்த வகை சொல்ல முடியவில்லை என்று ஒரு வரியில் பதில் வரும். ஆகவே துணியை நிழலில் காயப்போட்டு, பழுப்புக் காகிதத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மடித்துச் சுற்றி, நூல் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைக்கச் சொல்வார். கொலையானவர் சட்டையும் எதிரியின் சட்டையும் ஒரே பொட்டலத்தில் இருந்தால் வழக்கே போய்விடும். ஒன்றின் ரத்தம் இன்னொன்றில் ஒட்டிக்கொண்டது என்று வக்கீல் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

அவர் சொன்னதில் ஒன்றை நான் கடைசிவரை விடவில்லை. "ஏலே, நீ எண்ணிப் பாக்காத பொருளுக்குக் கையெழுத்துப் போடாத. ஐயாவே சொன்னாலும் போடாத. நாளைக்குக் கூண்டுல நிக்கப்போறது உன் கையெழுத்துதான்." ஒருமுறை அவர் சொன்னபடியே நடக்கவேண்டி வந்தது. ஓர் அதிகாரி ஓர் அரிவாளை மூன்று நாள் தாமதமாகக் கொண்டுவந்து, பிடித்த தேதியிலேயே ஸ்டேஷனுக்கு வந்ததாகப் பதிவேட்டில் எழுதச் சொன்னார். ஏட்டையா எழுந்து நின்று, "ஐயா, இன்னிக்குத் தேதியில வரவு வச்சிருக்கேன். தாமதத்துக்கு விளக்கம் நீங்க எழுதிக் குடுத்தா கூடவே இணைச்சிருதேன்" என்றார். குரல் உயரவில்லை. அதிகாரி முகம் சிவந்தது. ஆனால் விளக்கம் எழுதினார். வழக்கு நடந்தபோது அந்த விளக்கத்தை வைத்துத்தான் அரசுத் தரப்பு தாமதத்துக்குக் காரணம் காட்டியது. தேதியைத் திருத்தி எழுதியிருந்தால், அதிகாரியைக் கூட்டிப்போன காரின் டிரிப் ஷீட்டே காட்டிக்கொடுத்திருக்கும்.

பொருள் ஒன்று ஸ்டேஷனுக்குள் வந்தால் அதற்கு ஒரு வரிசை எண். பாரம் 91-இல் விவரம் எழுதி கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். கோர்ட்டில் அதற்கு வேறோர் எண் விழும். அங்கிருந்து மாஜிஸ்திரேட்டின் கடிதத்தோடு திருநெல்வேலி ஆய்வகத்துக்குப் போகும், திரும்பி வரும், கீழ்க்கோர்ட்டிலிருந்து செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொடுத்தவர், வாங்கியவர், தேதி, சீல் உடையாமல் இருந்ததா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வெளியில் இருப்பவர்களுக்கு இது குமாஸ்தா வேலையாகத் தெரியும். ஒரு கொலை வழக்கில் கண்ணால் பார்த்த சாட்சி பிறழ்ந்துபோனால் மிஞ்சுவது அந்தப் பொட்டலமும் இந்தக் கையெழுத்துகளும்தான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சாட்சி பிறழ்வது புதிதல்ல. சாதி, உறவு, பயம், பஞ்சாயத்து எல்லாம் சேர்ந்து ஆளை மாற்றிப் பேசவைத்துவிடும். ஒழுங்காகக் கட்டிவைத்த சட்டையை அப்படிப் பேசவைக்க முடியாது.

நகை விஷயத்தில் ஜனங்களுக்கு எங்கள்மேல் வருகிற கோபம் நியாயமானது. எட்டயபுரம் ரோட்டுக் கிராமத்திலிருந்து ஒரு வயதான அம்மா, திருட்டுப்போன சங்கிலி கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடிவந்தார். நான் எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னார். "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி ஒன்று" என்று படித்தேன். "எய்யா, என் தாலிச் சங்கிலிய உலோகம்னு எழுதி வச்சிருக்கியே" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். மதிப்பிடுபவர் உரசிப் பார்த்துச் சான்று தரும்வரை அதைத் தங்கம் என்று எழுத எங்களுக்கு அதிகாரமில்லை. பொன் என்று எழுதி, பின்னால் கவரிங் என்று தெரிந்தால் மாற்றிவிட்டோம் என்ற பழி வரும். அதை அவருக்குப் புரியவைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. எடையை அவர் கண்முன்னாலேயே போட்டு, கொக்கியில் இருந்த நெளிவையும் சேர்த்து எழுதினேன். பொருளை விவரமாக எழுதுவது அந்த அம்மாவுக்கும் பாதுகாப்பு, எனக்கும் பாதுகாப்பு.

இதற்கெல்லாம் சட்டமும் தீர்ப்பும் குறைவில்லை. 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிடித்த பொருளை ஸ்டேஷனில் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை; போட்டோ எடுத்து, விவரக் குறிப்பு எழுதி, ஜாமீன் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்கலாம் என்றது. அப்புறமும் லாரிகள் கருவேல மரத்தடியில் துருப்பிடித்தன. 2016-இல் மோகன்லால் வழக்கில் போதைப்பொருளை எப்படி மாதிரி எடுத்து, எங்கே வைத்து, எப்படி அழிப்பது என்று அதே நீதிமன்றம் வகுத்துச் சொன்னது. அதற்குப் பிறகுதான் சென்னையில் 2020-இல் பிடித்த 22 கிலோ கஞ்சா வழக்கு 2023-இல் விசாரணைக்கு வந்தது. மாதிரிக்கு எடுத்த சில கிராம்களைத் தவிர மீதியை எலி தின்றுவிட்டதாகப் போலீஸ் தரப்பு சொன்னது. எதிரிகள் இருவரும் விடுதலை ஆனார்கள். எலி தின்றிருக்கலாம். சொத்து அறையில் எலியை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எலி ஒரே ராத்திரியில் 20 கிலோ தின்னாது. குறையக் குறைய எடை போட்டு எழுதிய ஆள் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல் போனதுதான் அங்கே நடந்த குற்றம் என்று நான் நினைக்கிறேன்.

உள்ளூர் போலீஸுக்கு மட்டும் வந்த நோய் என்றும் இதைச் சொல்ல முடியாது. 2012-இல் சி.பி.ஐ. சென்னையில் ஒரு தனியார் தங்க நிறுவனத்தில் சோதனை போட்டு 400 கிலோவுக்கு மேல் தங்கத்தைக் கைப்பற்றி, அந்த நிறுவனத்தின் பெட்டகத்திலேயே வைத்துச் சீல் போட்டது. 72 சாவிகளையும் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னது. 2020-இல் திறந்து எடை பார்த்தபோது 103 கிலோவுக்கு மேல் குறைந்தது. முதலில் மொத்தமாக எடை போட்டோம், ஒப்படைக்கும்போது தனித்தனியாகப் போட்டார்கள், அதனால் வந்த வித்தியாசம் என்று விளக்கம் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி.என். பிரகாஷ் அதை ஏற்கவில்லை. கிராம் கணக்கில் வித்தியாசம் வரலாம், நூறு கிலோவா? தமிழ்நாட்டு சி.பி.சி.ஐ.டி. இதை விசாரிக்கட்டும் என்று 2020 டிசம்பரில் உத்தரவிட்டார். மாநிலப் போலீஸ் விசாரித்தால் எங்கள் கௌரவம் குறையும் என்று சி.பி.ஐ. தரப்பு சொன்னதையும் தள்ளினார். பூட்டும் சீலும் இருந்தன, சாவியும் பத்திரமாக இருந்தது. முதல் நாள் எடைச்சீட்டு சரியாக இல்லாதபோது அவை எதற்கும் உதவவில்லை.

வெளிநாட்டிலும் ஒன்று. நியூயார்க்கில் ஆலன் நியூட்டன் என்பவர் 1985-இல் தண்டனை பெற்றார். 1994-இல் டி.என்.ஏ. சோதனை கேட்டார். மருத்துவப் பரிசோதனை மாதிரி தொலைந்துவிட்டது, கிடங்கில் தீப்பிடித்தபோது போயிருக்கலாம் என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2005-இல் ஒரு அரசு வழக்கறிஞர் வற்புறுத்தித் தேடச் சொன்னபோது, பதிவேட்டில் எந்தப் பீப்பாய் எண் எழுதியிருந்ததோ அதே பீப்பாயில் அது இருந்தது. சோதனையில் குற்றவாளி அவரல்ல என்று தெரிந்து, 2006-இல் அவர் வெளியே வந்தார். பதிவேடு சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது. எழுந்துபோய்ப் பார்க்க ஆளில்லை. இந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பொறுப்பிலும் அப்படி அலமாரியின் கடைசித் தட்டில் பொட்டலங்கள் இருந்தன. அவற்றுக்காக யாரோ ஓர் ஊரில் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு ரைட்டருக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. பொருளைக் காக்கிறவர் ஸ்டேஷன். குற்றம் செய்தவர் வெளியாள். எங்கள் பதிவேட்டின் ஒவ்வொரு கட்டமும் அந்த ஊகத்தின் மேல் போடப்பட்டது. வாதி பெயர், எதிரி பெயர், எங்கிருந்து கைப்பற்றப்பட்டது, யார் கைப்பற்றியது. கைப்பற்றியவரே எதிரி என்றால் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்தக் கேள்வி 2020 ஜூன் மாதம் எங்கள் மாவட்டத்திலேயே வந்தது.

சாத்தான்குளத்தில் பென்னிக்ஸ் செல்போன் கடை வைத்திருந்தார். ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி 19-ம் தேதி அவர் தகப்பனார் ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். தேடிப்போன பென்னிக்ஸையும் அங்கேயே பிடித்துவைத்தார்கள். மறுநாள் ரிமாண்ட் செய்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22-ம் தேதி இரவு மகனும் 23-ம் தேதி காலையில் தகப்பனாரும் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். அப்போது நான் ஓய்வுபெற்றுக் கோவில்பட்டியில் இருந்தேன். ஊரடங்கு, பஸ் இல்லை, கடைகள் பாதிதான் திறந்திருந்தன. காக்கி போட்டிருந்தவன் என்று தெரிந்த அக்கம்பக்கத்தார் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் வழக்கைத் தாங்களாகவே கையில் எடுத்தார்கள். கோவில்பட்டி முதலாவது குற்றவியல் நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் விசாரணைக்காக 28-ம் தேதி சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதிய அறிக்கை பத்திரிகைகளில் வந்தது. அதை நான் பலமுறை படித்தேன். ஸ்டேஷனில் இருவரையும் அடித்ததைச் சொல்லும் பகுதிகளைப் பற்றி உலகமே பேசியது. ஒரு ரைட்டராக என்னைப் பிடித்து நிறுத்தியவை வேறு இரண்டு விஷயங்கள்.

ஒன்று கேமரா. ஸ்டேஷனில் சி.சி.டி.வி. இருந்தது. பதிவுப் பெட்டியின் ஹார்டு டிஸ்க் ஒரு டெராபைட். இடம் தாராளமாக இருந்தது. ஆனால் அன்றாடப் பதிவு அன்றன்றே தானாக அழிகிற மாதிரி அமைப்பு செய்யப்பட்டிருந்தது. 19-ம் தேதியிலிருந்து ஒன்றுமே இல்லை. இந்தப் பெட்டியின் வேலை எனக்குத் தெரியும். டிஸ்க் நிறைந்தால் பழையதன் மேல் புதியது எழுதும். அது பெட்டியின் இயல்பு. எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பது தனியான அமைப்பு. அதை ஓர் ஆள் உட்கார்ந்து மெனுவுக்குள் போய் மாற்ற வேண்டும். யார், எந்தத் தேதியில் மாற்றினார் என்று எழுதுவதற்கு எனக்குத் தெரிந்த எந்த ஸ்டேஷனிலும் அப்போது ஒரு பதிவேடு இருக்கவில்லை. ஒரு சீட்டுக்கட்டைப் பிடித்தால்கூட வரிசை எண் போட்டுக் கணக்கு வைத்த நாங்கள், ராத்திரி முழுக்க ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டிக்கு ஒரு கையெழுத்தைக்கூட ஏற்படுத்தவில்லை. அதைச் சொத்தாக யாரும் நினைக்கவில்லை. மேஜை, மின்விசிறி போல அதுவும் ஆபீஸ் சாமான் என்று விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று லத்தி. 19-ம் தேதி இரவு பாராவில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, லத்திகளிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருக்கிறது, அழித்துவிடுவார்கள், உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நடுவரிடம் சொன்னார். லத்தி ஸ்டேஷன் இருப்பில் இருக்கிற அரசுச் சாமான். ஒவ்வொரு காவலருக்கும் கொடுத்தது. என் சர்வீஸில் அதைச் சான்றுப் பொருளாக யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. நடுவர் கேட்டபோது கொடுக்க மறுத்திருக்கிறார்கள். ஒரு காவலர் சுவரேறிக் குதித்து ஓடியிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் நடுவரையே ஒருமையில் பேசியிருக்கிறார்கள். அந்தச் சூழலில், அதே ஸ்டேஷனுக்குள், வெளியே உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்டுக்கொண்டு நிற்க, அந்தப் பெண் வாக்குமூலம் கொடுத்தார். கையெழுத்துப் போடத் தயங்கினார் என்றும், பாதுகாப்புக்கு உறுதி சொன்ன பிறகு போட்டார் என்றும் அறிக்கையில் இருக்கிறது.

அந்தத் தயக்கத்தின் எடை எனக்குத் தெரியும். மாறுதல், மெமோ, பாரா டூட்டி, குழந்தைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பேனா முனையில் தொங்கும். கேமரா பார்த்ததை அழித்துவிட்டார்கள். ரேவதி பார்த்ததை அழிக்க முடியவில்லை. என் சர்வீஸில் எத்தனையோ அதிகாரிகளுக்கு விறைப்பாக சல்யூட் அடித்திருக்கிறேன். நான் பார்த்தேயிராத அந்தத் தலைமைக் காவலருக்கு அடிக்க வேண்டியதுதான் பாக்கி. உயர் நீதிமன்றம் அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது.

வழக்கு பின்னால் சி.பி.ஐ.க்குப் போனது. அது 2020 செப்டம்பரில் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் துணிகளைப் பற்றியும் இருக்கிறது. இறந்தவர்களின் ரத்தம் தோய்ந்த உடைகளை சாத்தான்குளம் அரசு ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. நிழலில் காயப்போட்டு, காகிதத்தில் சுற்றி, அரக்கு வைக்க வேண்டிய துணி. அதைப் படித்தபோது ஏட்டையாவை நினைத்தேன். ரத்தத்தைத் துடைத்த பிறகும் ஸ்டேஷனிலிருந்து எடுத்த மாதிரிகளில் இறந்தவர்களின் டி.என்.ஏ. கிடைத்ததாகவும் அதே குற்றப்பத்திரிகை சொல்கிறது. அதற்கு முக்கியக் காரணம் ஜூன் 29-ம் தேதி உயர் நீதிமன்றம் போட்ட ஓர் உத்தரவு: ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், தடயங்கள் அழியாமல் பாருங்கள். தாசில்தார் ஆட்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். சி.பி.ஐ. வரும்வரை காத்திருந்தால் தடயம் போய்விடும் என்று, மறுநாளே சி.பி.சி.ஐ.டி.யை விசாரணையைத் தொடங்கவும் சொன்னார்கள் நீதிபதிகள்.

என்னோடு வேலை பார்த்த சிலர் அன்றைக்குக் கொதித்துப்போய் போன் பண்ணினார்கள். "அண்ணாச்சி, வி.ஏ.ஓ. வந்து நம்ம ஸ்டேஷனைக் காக்கிறதா? நம்ம மானம் போச்சு" என்றார் ஒருவர். நான் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சார்நிலைக் கருவூலத்தின் பெட்டக அறைக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் இரண்டு அதிகாரிகளிடம். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் திறக்க முடியாது. வெளியே துப்பாக்கியோடு காவல் நிற்பது நம் ஆள்தான். அவர் கையில் சாவி கிடையாது. அதனால் அந்தக் காவலருக்கு என்றைக்காவது மானம் போயிருக்கிறதா? பணத்துக்கு அந்த ஏற்பாடு சரியென்றால், ஒரு மனிதன் செத்ததற்கான தடயத்துக்கு ஏன் கூடாது? அவர் பதில் சொல்லாமல் போனை வைத்தார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, நீங்க சொன்னது சரிதான் என்றார்.

அந்த உத்தரவு ஒரு நெருக்கடியில் வந்தது. அதை நிரந்தர விதியாக்க வேண்டும் என்பது என் கருத்து. காவலில் ஒருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ, அந்த மணியிலிருந்து ஸ்டேஷனின் பதிவுப் பெட்டி, பொது நாட்குறிப்பு, பாரா புத்தகம், லத்தி இருப்பு, சொத்து அறைச் சாவி எல்லாம் நடுவர் குறிப்பிடுகிற வெளித்துறை ஆள் கைக்குப் போக வேண்டும். யாரும் கேட்டுப் போகக் கூடாது. தானாகப் போக வேண்டும். இது நல்ல போலீஸ்காரருக்கும் பாதுகாப்பு. பொய்ப் புகார் வந்தாலும் அந்தப் பெட்டிதானே சாட்சி.

2020 டிசம்பர் 2-ம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதி சந்தையில் கிடைக்காவிட்டால் ஓராண்டுக்காவது வைத்திருக்கும் கருவியை வாங்க வேண்டும் என்று சொன்னது. கேமரா ஓடுகிறதா என்பதற்கு ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு. பழுதானால் மாவட்ட மேற்பார்வைக் குழுவுக்கு உடனே அறிக்கை. எல்லாம் சரியான வரிகள். 2025 ஜூன் மாதக் கடைசியில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் பிடியில் இறந்தபோது, மறுபடியும் மதுரைக் கிளைதான் கேமராப் பதிவுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்டேஷன் கேமராக்கள் வேலை செய்யாத விஷயத்தை உச்ச நீதிமன்றமே தானாக வழக்காக எடுத்தது. பொறுப்பு அதிகாரியிடமே கேமராவையும் கொடுத்து, அவரே அறிக்கையும் அனுப்பட்டும் என்றால், பழைய ஊகம் அப்படியே தொடர்கிறது.

2024 ஜூலை முதல் வந்திருக்கிற புதிய சட்டங்களில் எனக்கு நம்பிக்கை தருகிற இடங்களும் உண்டு. சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் ஆள் இடத்துக்கே வர வேண்டும். கோர்ட்டுக்கு வந்த பொருளுக்கு 14 நாளில் விவர அறிக்கை, போட்டோ. அதற்கப்புறம் 30 நாளில் என்ன செய்வதென்று உத்தரவு. மின்னணுப் பதிவு கொடுத்தால் அதன் ஹாஷ் எண்ணோடு சான்றிதழ் தர வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அரக்கில் பதித்த எழுத்தை வைத்து நாங்கள் சொன்ன சாட்சியத்தை இனி அந்த எண் சொல்லும். ஆனால் எண்ணை எடுக்கிற ஆள், எடுத்த நேரம், எடுக்கும்வரை பெட்டி யார் மேஜையில் இருந்தது என்பது பழைய கேள்விதான்.

போன ஆண்டு எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண், இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து முதல் நிலைக்கு வந்தவர், ஒரு ஸ்டேஷனில் ரைட்டராகச் சார்ஜ் எடுக்கப்போகிறேன் என்று வந்தார். "மாமா, மூணு நம்பருக்குப் பொருள் இல்ல. முன்னாடி இருந்தவங்க, சேத்துக் கையெழுத்துப் போடு, பின்னாடி பாத்துக்கிடலாம்ங்காங்க. என்ன செய்ய?" என்று கேட்டார். இருப்பதற்கு மட்டும் எண்ணிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். சார்ஜ் லிஸ்ட்டில் அந்த மூன்று எண்ணுக்கும் நேராக "பொருள் காணப்படவில்லை" என்று எழுதி, நகலை டி.எஸ்.பி. ஆபீஸுக்குத் தபாலில் வைத்து, கோர்ட்டுக்கும் தனியாக அறிக்கை கொடுக்கச் சொன்னேன். பயந்தார். பயம் நியாயம்தான் என்றேன். பழகிய ரைட்டர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு எண்ணச் சொன்னேன்.

எழுதிக் கொடுத்துவிட்டார். கோர்ட்டின் சொத்து அறையில் தேடியபோது இரண்டு பொருள் அங்கேயே இருந்தன. என்றைக்கோ பாரம் போட்டு அனுப்பியது, ஒப்புகை ஸ்டேஷனுக்கு வந்து சேராமல் விட்டுப்போயிருக்கிறது. மூன்றாவது ஒரு செல்போன். அது கிடைக்கவில்லை. முன்பு பொறுப்பில் இருந்தவருக்கு 3(பி) குற்றச்சாட்டு மெமோ போயிருக்கிறது. அந்த செல்போன் ஒரு தற்கொலைத் தூண்டுதல் வழக்கில் பிடித்தது. இறந்த பெண்ணின் தகப்பனார் வாய்தாவுக்கு வாய்தா கோவில்பட்டி கோர்ட்டுக்கு வருகிறார். அந்தப் போனில் மகள் கடைசியாக என்ன பேசினாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.